ஆளுக்கொரு பென்சில்

பால் கணக்கில் சண்டை வராத வீடு எங்கேயாவது உண்டா? இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றியவள் ஒரு நடுத்தர வயது அம்மாள். விடியற்காலையில் மாட்டை வாசலுக்கே ஓட்டி வந்து, கண் முன்னால் கறந்து, நுரை பொங்க அளந்துவிட்டுப் போவாள். அவள் வராத நாட்களில் பாட்டி சமையலறைச் சுவரில் ஒரு கரிக்கோடு கிழித்து வைப்பாள். கணக்குத் தீர்க்கும்போது கோடுகளை எண்ணிக் காசைக் கழித்துக்கொள்வது வழக்கம். வருஷக்கணக்காக இந்த ஏற்பாடு ஒழுங்காகவே நடந்து வந்தது.

ஒரு மார்கழியில் வந்தது வினை. போகிக்கு முன்னால் வெள்ளையடிக்க ஆள் வந்தான். சுவரும் பளிச்சென்று ஆயிற்று. பால் கணக்கும் பளிச்சென்று ஆயிற்று!

"ஐந்து நாள் வரவில்லை" என்றாள் பாட்டி. "நாலு நாள்" என்றாள் அத்தை. வைகுண்ட ஏகாதசியன்று பால் இல்லாமல் தவித்தது தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். அன்றைக்கு முழுப் பட்டினி கிடந்தவள் பாலுக்குத் தவிப்பானேன் என்று யாரும் கேட்கவில்லை. "மூணே நாள்தான், பெரியம்மா" என்றாள் பால்காரி. செம்பின் கழுத்தில் கட்டியிருந்த கயிற்றில் மூன்று முடிச்சுகளைக் காட்டினாள். "முடிச்சுப் போட்டவள் நீதானே?" என்று ஒரே வார்த்தையில் பாட்டி அந்தச் சாட்சியத்தைத் தள்ளிவிட்டாள். கடைசியில் அம்மாவைக் கேட்டார்கள். அம்மா ஒரு கணம் தயங்கினாள். "நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று மாமியாரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஐந்து நாள் காசு பிடிக்கப்பட்டது. பால்காரி எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. கொடுத்ததை எண்ணிக்கூடப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். மறுநாளிலிருந்து வரவில்லை.

சித்திரை பிறந்து புதுப் பஞ்சாங்கம் வந்தது. பழையதைப் பரணில் போடுவதற்கு முன் தாத்தா அதைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கண்டதையெல்லாம் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. மார்கழி மாதத்தில் "பால் இல்லை" என்று எழுதியிருந்தது. எண்ணிப் பார்த்தால் மூன்றே இடம்! தாத்தாவை யாரும் கேட்கவில்லையே. பால் கணக்கு பெண்கள் இலாகா அல்லவா?

பாட்டியின் முகம் போன போக்கு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. ஆனால் அதைவிட அதிகமாக என் மனத்தில் நிற்பது, பல வருஷங்களுக்குப் பிறகு அம்மா சொன்ன ஒரு வார்த்தை. "எனக்கு அப்போதே மூன்று என்றுதான் தோன்றியது. ஆனால் எடுத்துக் காட்டக் கையில் என்ன இருந்தது?"

கையில் என்ன இருந்தது? இந்தக் கேள்வி பால் கணக்கோடு முடிந்துவிடவில்லை. மனிதர்களின் உயிரும் மானமும் ஊசலாடும் இடத்திலும் இதே கேள்விதான் எழுகிறது. அமெரிக்கக் கோர்ட்டுகளில் வெகு காலம் நடந்த ஒரு சர்ச்சையைத்தான் சொல்கிறேன். ஜூரர்கள் கையில் பென்சிலும் காகிதமும் கொடுக்கலாமா, கூடாதா என்பதே அந்தச் சர்ச்சை.

ஜூரி என்றால் என்ன என்று இந்தக் காலத்துக் குழந்தைகளுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெரிய குற்ற வழக்குகளில் குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கிறவர் ஜட்ஜ் அல்ல. ஊரிலிருந்து பொறுக்கி எடுத்த பன்னிரண்டு சாதாரண மனிதர்கள். மளிகைக் கடைக்காரர் இருப்பார். பள்ளிக்கூட ஆசிரியை இருப்பாள். பஸ் டிரைவர் இருப்பார். பேரன் பேத்தி எடுத்த பாட்டியும் இருப்பாள். ஜட்ஜ் அவர்களுக்குச் சட்டத்தை எடுத்துச் சொல்வார். எந்தச் சாட்சியை நம்புவது, எதைத் தள்ளுவது என்பது அவர்கள் பாடு. அமெரிக்காவில் கடுமையான குற்ற வழக்குகளில் பன்னிரண்டு பேரும் ஒரே மனத்தோடு சொன்னால்தான் தண்டனை. சில இடங்களில் இதற்கு இருந்த விலக்கையும் 2020-ல் அந்த நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு எடுத்துவிட்டது.

நமக்கும் ஜூரி புதிதல்ல. சென்னை ஹைகோர்ட்டில் ஜூரர்கள் உட்கார்ந்த காலம் ஒன்று இருந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்லியிருப்பார்கள். 1945-ல் அந்த வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று ஒன்பது ஜூரர்களில் ஆறு பேர் சொன்னார்கள். மூன்று பேர் இல்லை என்றார்கள். ஆயுள் தண்டனை கிடைத்தது. பிறகு லண்டன் பிரிவி கௌன்சில் வரையில் போய், 1947-ல் இருவரும் விடுதலையானார்கள். அதற்குள் இரண்டு வருஷத்துக்கு மேல் சிறைவாசம் தீர்ந்துவிட்டது. 1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி வழக்கில் ஒன்பது பேரில் எட்டுப் பேர் நிரபராதி என்றார்கள். ஹைகோர்ட்டு அதை ஏற்காமல் தண்டனை விதித்தது. சுப்ரீம் கோர்ட்டு 1961-ல் அதை உறுதி செய்தது. நம் நாட்டில் ஏற்கனவே தேய்ந்துகொண்டிருந்த ஜூரி முறை, 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு குற்ற வழக்குகளிலிருந்து அடியோடு மறைந்துவிட்டது.

குறிப்பு எழுதியிருந்தால் இந்த வழக்குகளில் வேறு மாதிரி முடிவு வந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. சாதாரண மனிதர் சிலர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து, கேட்டதை நினைவுபடுத்திச் சொல்லும் ஒரு வார்த்தையில் எவ்வளவு பெரிய விஷயம் தொங்குகிறது என்று காட்டத்தான் சொன்னேன்.

இப்போது அமெரிக்கக் கோர்ட்டு ஒன்றை மனக் கண்ணால் பாருங்கள். சாட்சி பேசுகிறார். ஜட்ஜ் குறித்துக்கொள்கிறார். இரண்டு பக்கத்து வக்கீல்களும் எழுதித் தள்ளுகிறார்கள். சுருக்கெழுத்தாளர் ஒரு வார்த்தை விடாமல் பதிவு செய்கிறார். பத்திரிகை நிருபர்கள் மூலையில் உட்கார்ந்து கிறுக்குகிறார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கூட ஒன்றிரண்டு குறித்துக்கொண்டிருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள் பன்னிரண்டு பேர்தான். முடிவு சொல்ல வேண்டியவர்களும் அந்தப் பன்னிரண்டு பேர்தான்! வெகு காலம் வரையில் பல கோர்ட்டுகளில் இதுதான் நிலைமை.

ஒரு நாள் இரண்டு நாள் வழக்கு என்றால் பரவாயில்லை. வருஷக்கணக்கில் இழுத்தால்? இல்லினாய் மாநிலத்தில் ஒரு நஷ்ட ஈட்டு வழக்கு 1984 பிப்ரவரியில் தொடங்கி 1987 அக்டோபரில் முடிந்தது. ரயில் தொட்டி வண்டியிலிருந்து கசிந்த ரசாயனத்தைப் பற்றிய வழக்கு அது. மூன்று வருஷத்துக்கு மேல் ஜூரர்கள் அதே பெஞ்சில் உட்கார்ந்து நிபுணர்கள் சொன்னதையெல்லாம் கேட்டார்கள். போன மாதம் நடந்த கல்யாணத்தில் என்ன பாயசம் போட்டார்கள் என்று கேட்டாலே நம் வீட்டில் மூன்று விதமான பதில் வருகிறது!

பென்சிலைத் தடுத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்களுக்கும் காரணம் இருந்தது. பழைய நாளில் ஜூரர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் மட்டும் காகிதத்தோடு உட்கார்ந்தால் என்ன ஆகும்? "இதோ எழுதியிருக்கிறேன், பார்" என்று அவர்கள் சொன்னால் மற்றப் பத்துப் பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். தீர்ப்புப் பன்னிரண்டு பேருடையதாக இராது. இரண்டு பேருடையதாக இருக்கும். நியாயமான பயந்தான். ஆனால் ஊரெல்லாம் படித்த பிறகும் அந்தத் தடை மட்டும் வழக்கம் என்ற பெயரில் உட்கார்ந்துகொண்டது. காரணம் செத்த பிறகும் வழக்கம் சாவதில்லை என்பது நமக்குத் தெரியாததா?

ஜூரிப் பெட்டியில் பெண்களை உட்கார வைக்காததும் அப்படிப்பட்ட வழக்கந்தான். அமெரிக்காவில் வயோமிங் பிரதேசத்தில் 1870-லேயே பெண்கள் ஜூரர்களாக இருந்தார்கள். இங்கிலாந்தில் 1919-ல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் கதவு திறந்தது. மிஸிஸிப்பி மாநிலமோ 1968 வரையில் திறக்கவே இல்லை. வீட்டில் அத்தனை வழக்குகளையும் தினமும் தீர்த்து வைக்கிறவர்களுக்குக் கோர்ட்டில் தீர்க்கத் தெரியாதாம்!

பென்சிலுக்கு வருவோம். ஜூரர்கள் குறிப்பு எழுதுவதில் உள்ள ஆபத்தை எல்லாரையும்விட நன்றாகச் சொன்னவர் ஒரு கணக்கு வாத்தியார். ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்த அவர், லூயி கரோல் என்ற புனைபெயரில் 1865-ல் வெளியிட்ட ஆலிஸ் கதையை உங்கள் குழந்தைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். அதில் பட்சணம் திருடிய குற்றத்துக்காகச் சீட்டுக்கட்டு ஜாக்கியை விசாரிக்கிறார்கள். ராஜாதான் ஜட்ஜ். பன்னிரண்டு ஜூரர்கள், எல்லாம் மிருகங்களும் பறவைகளும். எல்லார் கையிலும் சிலேட்டு!

விசாரணை தொடங்கும் முன்பே அவர்கள் மும்முரமாக எழுதுகிறார்கள். என்ன எழுதுகிறார்கள்? தங்கள் தங்கள் பெயர்களை! விசாரணை முடிவதற்குள் மறந்துவிட்டால் என்ன செய்வது என்ற முன்ஜாக்கிரதை. மூன்று பேர் மூன்று தேதிகளைச் சொல்கிறார்கள். ஜூரர்கள் மூன்றையும் கூட்டி, வந்த தொகையை ஷில்லிங்கும் பென்ஸுமாக மாற்றி வைக்கிறார்கள். ராஜா ஒரு பேச்சை முதலில் முக்கியம் என்கிறார். உடனே முக்கியமில்லை என்கிறார். சில ஜூரர்கள் ஒன்றை எழுதுகிறார்கள். சிலர் மற்றதை எழுதுகிறார்கள். ஒரு பல்லியின் பலப்பம் கிரீச்சிடுகிறது என்று ஆலிஸ் அதைப் பிடுங்கிக்கொள்கிறாள். பாவம், அது விரலாலேயே எழுதிக்கொண்டிருக்கிறது. சிலேட்டில் ஒன்றும் விழவில்லை என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

குழந்தைகள் சிரிப்பார்கள். பெரியவர்கள் சிரித்துவிட்டுச் சற்று யோசிக்க வேண்டும். வேண்டாததை எழுதலாம், தப்பாக எழுதலாம், எழுதுகிற மும்முரத்தில் கேட்பதையே விட்டுவிடலாம். ரேடியோவில் சமையல் குறிப்புச் சொன்ன காலத்தில் அவசர அவசரமாக எழுதி, கடைசியில் உப்பை விட்டுவிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஜட்ஜுகள் பயந்ததும் இவற்றுக்குத்தான். ஜூரர் குனிந்து எழுதும்போது சாட்சியின் முகம் எப்படி மாறிற்று என்பதைப் பார்க்காமல் விட்டுவிடுவார். முதல் இரண்டு நாள் உற்சாகமாகப் பக்கம் பக்கமாக எழுதுவார். பிறகு சோர்ந்து போவார். முதலில் பேசுகிறது குற்றம் சாட்டுகிற தரப்பு. ஆகவே நோட்டு முழுவதும் அந்தத் தரப்புக் கதையாகவே இருக்கும். அதற்கு மேல், தப்பாக எழுதியது நாளைக்குச் சத்திய வாக்காகிவிடும்.

இந்தப் பயமெல்லாம் வாஸ்தவந்தானா என்று சிலர் சோதித்தே பார்த்தார்கள். லாரி ஹியூர், ஸ்டீவன் பென்ராட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவில் 33 மாநிலங்களில் 160 நிஜ வழக்குகளை எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றில் ஜூரர்களுக்குக் குறிப்பு எழுத அனுமதி, சிலவற்றில் இல்லை. முடிவை 1994-ல் வெளியிட்டார்கள். எழுதுவதால் ஜூரர்களின் கவனம் சிதறவில்லை. எந்தத் தரப்புக்கும் அதனால் தனிச் சலுகை கிடைக்கவில்லை. எழுதியவர்கள் எழுதாதவர்களை அடக்கி ஆளவும் இல்லை. பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டும். எழுதியதால் ஞாபகசக்தி பிரமாதமாகக் கூடிவிட்டது என்றும் அவர்கள் காணவில்லை. அதே வருஷத்தில் வெளியான வேறு ஒரு பரிசோதனை சற்று வேறு விதமாகச் சொன்னது. விசாரணையைப் படமாகப் போட்டுக் காட்டி, சிலரை எழுதச் சொன்னார்கள். சிலரைச் சும்மா பார்க்கச் சொன்னார்கள். எழுதியவர்களே அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள். ஆக, பென்சில் மந்திரக்கோல் அல்ல. ஆனால் பிசாசும் அல்ல.

பிறகு வழக்கம் மாறத் தொடங்கிற்று. அரிஸோனா மாநிலம் 1995-ல் ஜூரி முறையையே சீர்திருத்தி, ஜூரர்கள் குறிப்பெடுக்கும் உரிமையைத் தெளிவாக்கியது. அமெரிக்க வக்கீல்கள் சங்கம் 2005-ல் வெளியிட்ட கோட்பாடுகளில், ஜூரர்களைக் குறிப்பெடுக்க விட வேண்டும் என்று சொல்லிவிட்டது. இன்றும் பல இடங்களில் ஜட்ஜின் இஷ்டத்தைப் பொறுத்த விஷயந்தான். ஆனால் பென்சிலைக் கண்டு முகம் சுளிக்கிற கோர்ட்டுகள் குறைந்துவிட்டன. இங்கிலாந்திலும் ஜூரர்கள் எழுதிக்கொள்ளலாம். அங்கே இன்னொரு சௌகரியமும் உண்டு. கடைசியில் ஜட்ஜே சாட்சியங்களை எல்லாம் தொகுத்து ஜூரர்களுக்கு நினைவூட்டுவார். அமெரிக்க ஜட்ஜுகள் பெரும்பாலும் சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அதனால் அங்கே காகிதத்தின் தேவை இன்னும் அதிகம்.

காகிதத்தைக் கொடுக்கிற விதத்தைக் கேளுங்கள். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கோர்ட்டே ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் தருகிறது. எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. கோர்ட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். எழுதியதை வக்கீல் பார்க்க முடியாது. வழக்கு முடிந்ததும் அழித்துவிடுவார்கள். ஜட்ஜ் முன்கூட்டியே எச்சரிக்கை செய்கிறார்: குறிப்பு என்பது ஞாபகத்துக்குத் துணைதான்; அதுவே சாட்சியம் அல்ல. எழுதாதவர் தம்முடைய ஞாபகத்தை நம்பலாம். பக்கத்தில் உள்ளவர் எழுதியிருக்கிறார் என்பதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. எழுதியவர் எழுதாதவரை அடக்கிவிடுவார் என்றுதான் அத்தனை காலம் பயந்தார்கள். யாருமே எழுதாவிட்டால் யார் அடக்குவார் என்று அவர்கள் ஏனோ கேட்கவில்லை. நம்மைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே! யார் குரல் ஓங்கியிருக்கிறதோ அவர் அடக்குவார். யார் வயதில் பெரியவரோ, யார் இரண்டு தரம் அடித்துச் சொல்கிறாரோ அவர் அடக்குவார். சுவர் வெள்ளையாக இருந்தால் பாட்டி வைத்ததுதான் கணக்கு. பாட்டி பொய் சொல்லவில்லை. அவள் மனத்தில் ஐந்து என்று பதிந்துவிட்டது. அத்தையும் பொய் சொல்லவில்லை. உண்மை தெரிந்தவள் அம்மா ஒருத்திதான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஒவ்வொரு ஜூரி அறையிலும் என் அம்மாவைப் போல் ஒருவராவது உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். பதினொரு பேர் ஒன்றைச் சொல்லும்போது, 'சாட்சி அப்படிச் சொல்லவில்லையே' என்று அவருக்குத் தோன்றும். தோன்றினதை வெளியே சொல்லத் துணிச்சல் வேண்டும். அப்போது கையில் ஒரு காகிதம் இருந்து, அன்றைக்கே எழுதின ஒரு வரி அதில் இருந்தால், மெல்லிய குரலும் கொஞ்சம் நிமிர்ந்து பேசும். அது தப்பாகவும் இருக்கலாம். மற்றவர்களும் தங்கள் நோட்டைத் திறந்து பார்க்கட்டுமே! அதற்குத்தான் ஆளுக்கொரு பென்சில். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அது அதிகாரம். எல்லாரிடமும் இருந்தால் அது நியாயம்.

பாட்டி கதையை முடிக்கவில்லையே? பஞ்சாங்கத்தைப் பார்த்த அன்று சாயங்காலமே, இரண்டு நாள் பால் காசை எடுத்துக்கொண்டு பாட்டி பால்காரியைத் தேடிப் போனாள். மாட்டை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்துக் குடிசைக்காரர்கள் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காசைப் பாட்டி மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பெட்டிக்குள் வைத்தாள். கடைசி வரையில் அது அங்கேயே இருந்தது.

அதன் பிறகு வந்த பால்காரனுக்குச் சுவர்க் கோடு கிடையாது. இரண்டு நோட்டுப் புத்தகம் வந்தது. ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று அவனிடம். பால் வராத நாளை இரண்டிலும் குறிக்க வேண்டும். எங்கள் நோட்டில் எழுதும் வேலையைப் பாட்டி தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டு, பென்சிலை அவள் கையில் கொடுத்தாள்.